அலுமினியத்தில் பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி: இன்னும் தடிமனாகப் பூசினால் நிற்குமா?

கரைக்காற்று

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகு ஒன்று இருக்கிறது. உடல் 5083 தகடு, கூரைச் சட்டமும் கைப்பிடிகளும் 6061 குழாய் (இரண்டும் அலுமினியக் கலவைகளின் எண்கள்). உப்புத் தண்ணீரில்தான் ஓடுகிறது. நான்கு வருடங்களுக்கு முன் கூரைச் சட்டம் முழுவதையும் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பாலியூரித்தேன் இரண்டு கோட் அடித்தேன்.

வெயிலும் மழையும் நேரடியாகப் படும் பரப்பெல்லாம் இன்றைக்கும் புதிதுபோல இருக்கிறது. ஆனால் சட்டத்தை இறுக்கியிருக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் சுற்றி பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. நகத்தால் கீறினால் உள்ளே ஈரமான வெள்ளைப் பொடி. இரண்டு போல்ட்கள் இறுகிப்போய் அசையவே இல்லை.

பெயிண்ட் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை நான்கு கோட் அடிக்கலாமா? இல்லை, சட்டத்தைக் கழற்றி ஆனோடைசிங் (மின்சாரத்தால் மேலே தடித்த ஆக்சைடு வளர்ப்பது) செய்துவிடலாமா?

பட்டறைக்காரன்

ஆனோடைசிங்தான். 6061 அதற்கு நன்றாக ஒத்துழைக்கும் உலோகம். கடலோரம் என்றால் 20 முதல் 25 மைக்ரான் வரை கேளுங்கள், அதற்குக் குறைய வேண்டாம். கொதிநீரில் சீல் செய்வதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், அதைச் சுருக்கினால் போட்ட காசு வீண்.

சட்டத்தில் வெல்டிங் இருக்கிறதா? 4043 கம்பியில் வெல்டு செய்திருந்தால் ஆனோடைசிங்கில் அந்தக் கோடு மட்டும் கருஞ்சாம்பலாகத் தெரியும். 5356 என்றால் நிறம் ஓரளவு ஒத்துப்போகும்.

மின்வேதி

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கரைக்காற்று தன் பதிவிலேயே விடையைச் சொல்லிவிட்டார். திறந்த பரப்பு நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது, போல்ட்டைச் சுற்றி மட்டும் போய்விட்டது. அதே பெயிண்ட், அதே தடிமன், அதே கை. குறை பெயிண்டில் இருந்தால் எல்லா இடத்திலும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது இணைப்பை.

அலுமினியம் இயல்பில் மிகவும் வேகமாக வினைபுரியும் உலோகம். அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் காற்றுப் பட்ட கணமே மேலே உருவாகும் ஆக்சைடு படலம். தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினாலும் உடனே மறுபடி உருவாகிவிடும். பிஎச் 4 முதல் 9 வரை இந்தப் படலம் கிட்டத்தட்டக் கரையாமல் நிற்கும். அந்த எல்லைக்கு வெளியே அமிலமானாலும் காரமானாலும் கரைந்துவிடும். (சிமெண்டுக் குழம்பு தெறித்த அலுமினிய ஜன்னலில் அழியாத தழும்பு விழுவது இதனால்தான். அது கடும் காரம்.)

உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தைப் பரவலாகக் கரைப்பதில்லை. பலவீனமான ஓரிடத்தில் துளைத்து உள்ளே போகிறது. துளைக்குள் கரைந்த அலுமினிய அயனி தண்ணீருடன் சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. வெளியே கடல்நீர் பிஎச் 8 இருந்தாலும் துளைக்குள் 3, 4 என்று இறங்கிவிடும். அமிலம் கூடக் கூடக் கரைதல் கூடும், கரையக் கரைய அமிலம் கூடும். வெளியில் குண்டூசி முனை அளவு புள்ளி, உள்ளே குகை.

இப்போது அதன் பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வையுங்கள். இரண்டும் உலோகத் தொடர்பில் இருக்கின்றன, இடையில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. அதாவது ஒரு பேட்டரி. அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைகிறது. ஸ்டெயின்லெஸ் அதை வாங்கி ஆக்ஸிஜனுக்குக் கொடுக்கிறது, தான் கரைவதில்லை. உங்கள் வெள்ளைப் பொடி, கரைந்த அலுமினியத்தின் ஹைட்ராக்சைடு. அது கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால்தான் பெயிண்டைத் தூக்குகிறது, போல்ட்டையும் இறுக்கிப் பிடிக்கிறது.

பட்டறைக்காரன்

மின்வேதி சார், ஒரு சந்தேகம். போல்ட் சின்னது, சட்டம் பெரியது. கரையாத பக்கம் சின்னதாகவும் கரையும் பக்கம் பெரிதாகவும் இருந்தால் பாதிப்பு பரவி மெலிந்துவிடும் என்றுதானே படித்திருக்கிறோம்? அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு வருடக்கணக்கில் நன்றாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மின்வேதி

நீங்கள் பார்த்தது உண்மைதான். பெயிண்ட் அடிக்காத தகடாக இருந்திருக்கும். சரியா?

பெயிண்ட் அடிக்காத சட்டத்தில் ஒரு போல்ட் இருந்தால், அதற்கு எலக்ட்ரான் கொடுக்கச் சுற்றியுள்ள அலுமினியம் முழுவதும் இருக்கிறது. ஓரிடத்திலும் ஆழமாகப் போகாது. பெயிண்ட் அடித்த பிறகு அந்தப் பரப்பெல்லாம் மூடிவிட்டது. மிஞ்சியது துளையின் விளிம்பில் போல்ட்டை முறுக்கும்போது வாஷர் சுரண்டிய ஒரு மெல்லிய வளையம் மட்டும். அதற்கு எதிரே பளபளவென்று திறந்திருக்கும் போல்ட் தலை, நட்டு, வாஷர். இப்போது கரையாத பக்கம் பெரிது, கரையும் பக்கம் நூலளவு. பெயிண்ட் அடித்ததாலேயே விகிதம் தலைகீழாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், நான்கு கோட் அடித்தால் இதே இடம் இதே வேகத்தில்தான் போகும். இரண்டில் ஒன்றைத்தான் பூச முடியும் என்றால் போல்ட்டைப் பூசுங்கள். கரையாத உலோகத்தை மூடினால் எலக்ட்ரானை வாங்க ஆள் இல்லை, பேட்டரி நின்றுவிடும். பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே திறப்பது கரையாத பக்கத்தின் ஒரு துளிதான். கரையும் பக்கத்தை மட்டும் பூசினால் ஒவ்வொரு கீறலும் துளையாக மாறும்.

பட்டறைக்காரன்

இத்தனை வருடம் நேர்மாறாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "கரைவதைத்தானே காப்பாற்ற வேண்டும்" என்று. நன்றி சார், இனி மாற்றிக்கொள்கிறேன்.

ஹேங்கர்

விமானத் தகடு வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மின்வேதி சொன்னதை எங்கள் வேலையில் எப்படிச் செய்வோம் என்று எழுதுகிறேன்.

விமான உடலுக்கு 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவைத் தகடு. செம்பு நான்கு சதவீதத்துக்கும் மேல் இருக்கும். வலிமை தருவது அந்தச் செம்புதான், அரிப்பைக் கொண்டுவருவதும் அதுதான். உலோகத்துக்குள்ளேயே செம்பு நிறைந்த துகள்கள் குட்டிக் கேத்தோடுகளாக (எலக்ட்ரானை வாங்கும், கரையாத பக்கம்) உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து ஸ்டெயின்லெஸ் தேவையே இல்லை. அதனால்தான் 1920களின் கடைசியில் அல்கிளாட் வந்தது. வலுவான தகட்டின் இரு பக்கமும் கிட்டத்தட்டத் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக உருட்டி ஒட்டுவது. கீறல் விழுந்தால் மேல் படலம் தன்னைக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்று அழுத்தித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் இன்றும் மனது பதறும்.

இணைப்புக்கு வருகிறேன். நாங்கள் போல்ட்டை உலர்வாகப் போடுவதே இல்லை. ஈரமாகப் போடுவோம். துளைக்குள்ளும், போல்ட்டின் உடலிலும், தலைக்கு அடியிலும் பாலிசல்பைடு சீலண்ட் தடவி, அது காய்வதற்கு முன் முறுக்குவோம். சுற்றிலும் கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கவில்லை என்றால் உள்ளே இடைவெளி இருக்கிறது என்று பொருள், கழற்றி மறுபடி போட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அமரும் தகடுகளுக்கு இடையிலும் இதே முறைதான்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் 243 விமானத்தின் கூரைத் தகடு பறக்கும்போதே பிய்ந்து போனதை நினைவில் வைத்திருப்பீர்கள். பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் குறுகிய தூரப் பயணங்களாக ஏறக்குறைய 90,000 தடவை ஏறி இறங்கியது, எல்லாம் கடல் காற்றில். தகடுகள் மேலேறி அமரும் இடத்தில் ஒட்டுப் பசை விட்டுப்போனது, ஈரம் நுழைந்தது, அரிப்பு வந்தது, சுமை முழுவதும் ரிவெட் துளைகளுக்குப் போனது, பல துளைகளில் ஒரே நேரத்தில் விரிசல் ஓடியது. தொடக்கம் இணைப்பில்தான்.

இன்னொன்று. அலுமினியத்தில் பென்சிலால் குறிக்காதீர்கள். பென்சில் முனை கிராஃபைட், அது ஸ்டெயின்லெஸைவிடவும் மோசமான ஜோடி. எங்கள் பட்டறையில் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலே கேள்வி வரும்.

கரைக்காற்று

ஹேங்கர் ஐயா, மிக்க நன்றி. பாலிசல்பைடு எங்கே வாங்குவது என்று பார்க்கிறேன். அப்படியானால் ஆனோடைசிங் வேண்டவே வேண்டாமா?

மின்வேதி

ஆனோடைசிங் அருமையான முறை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒட்டும் பூச்சு அல்ல அது. அலுமினியத்தையே மின்சாரத்தால் ஆக்சைடாக வளர்ப்பது, ஆகவே உரிந்து வராது. இயற்கைப் படலம் சில நானோமீட்டர் என்றால் இது 25 மைக்ரான், அதாவது பல ஆயிரம் மடங்கு. ஆனால் வளரும்போது செங்குத்தான நுண்துளைகளோடு தேன்கூடுபோல வளரும். கொதிநீரில் வைத்து அந்தத் துளைகளை வீங்கி மூடச் செய்வதுதான் பட்டறைக்காரன் சொன்ன சீலிங்.

உங்கள் சட்டத்துக்கு நான் தயங்கக் காரணம் வேறு. மூடிய குழாய், ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து வெல்டு செய்த தகடு, இடுக்கு. கந்தக அமிலத் தொட்டியில் இறக்கினால் அமிலம் அந்த இடுக்குகளில் நுழையும், எவ்வளவு கழுவினாலும் முழுவதும் வராது. மாதக்கணக்கில் கசிந்து உள்ளேயே தின்னும். 1923இல் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் பிரிட்டனில் கடல் விமானங்களின் டூராலுமின் (செம்பு கலந்த அலுமினியக் கலவை) பாகங்களுக்காகக் கொண்டுவந்த முதல் ஆனோடைசிங் முறை குரோமிக் அமிலத்தில் நடந்தது. இடுக்கில் அந்த அமிலம் தங்கினாலும் பெரிதாகத் தின்பதில்லை. அதனால் இணைப்புள்ள விமானப் பாகங்களுக்கு அந்த முறை பல பத்தாண்டுகள் நிலைத்தது. சட்டம் தனித்தனித் துண்டாகக் கழன்று வருமானால் கந்தக அமில முறை நல்லதே. கழலாது என்றால் வேண்டாம்.

எப்படியானாலும் ஆனோடைசிங் போல்ட் பிரச்சினையைத் தீர்க்காது. அந்த ஆக்சைடு கடினமானது, நொறுங்கும் தன்மையும் உண்டு. வாஷரை முறுக்கும் இடத்தில் விரிசல் விடும். பிறகு அதே கதை.

பழைய_பைக்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடைய பழைய பந்தய பைக்கின் என்ஜின் பக்க மூடிகள் மெக்னீசியம் வார்ப்பு. அலுமினியத்துக்குச் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்துமா? மூடி முழுக்கச் சாம்பல் நிறப் பொருக்கு. இரும்பு வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தேன், அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட மோசமாகிவிட்டது.

மின்வேதி

பொருந்தாது, அந்த பிரஷைத் தயவுசெய்து இனி எடுக்காதீர்கள். நீங்கள் தேய்த்தபோது பிரஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்கள் மென்மையான மெக்னீசியத்தில் பதிந்துவிட்டன. ஒவ்வொரு துகளும் ஒரு கேத்தோடு.

மெக்னீசியத்தின் அடர்த்தி 1.74, அலுமினியத்துடையது 2.7. எடைக்காகத்தான் எல்லோரும் இதைத் தேடி வருகிறார்கள். ஆனால் கட்டுமானத்துக்குப் பயன்படும் உலோகங்களில் இதுதான் எல்லாவற்றையும்விட முதலில் கரைவது. இதன் ஆக்சைடு, தான் உருவான உலோகத்தைவிடக் குறைந்த இடத்தையே பிடிக்கிறது. கணக்கில் 0.81. அலுமினியத்துக்கு அது ஏறக்குறைய 1.28. சட்டை அளவில் சின்னதாகிவிட்டால் உடம்பை முழுக்க மூடாதல்லவா? ஈரத்தில் மேலே படியும் ஹைட்ராக்சைடும் பிஎச் 10.5க்கு மேல்தான் நிலையாக நிற்கும். மழைநீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

1942இல் ஹானவால்ட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். தூய மெக்னீசியத்தில் இரும்பு பத்து லட்சத்தில் 170 பங்கைத் தாண்டினால் உப்புநீரில் அரிப்பு வேகம் திடீரென்று பல மடங்காகிறது. நிக்கலுக்கு அந்த எல்லை இன்னும் எவ்வளவோ கீழே. இன்றைய ஏஇசட்91டி என்ற மெக்னீசியக் கலவையில் இரும்பு 0.005 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது அந்தப் பாடத்தால்தான். மாங்கனீசு சேர்த்து மிச்ச இரும்பையும் கட்டிவைக்கிறார்கள். உங்கள் மூடி அந்தக் கட்டுப்பாட்டுக்கு முந்தைய வார்ப்பு என்றால் உலோகத்துக்குள்ளேயே பிரச்சினை இருக்கலாம்.

பழைய_பைக்

அப்படியானால் காப்பாற்ற வழியே இல்லையா? இந்த மூடி இப்போது கிடைப்பதில்லை.

மின்வேதி

இருக்கிறது. பதிந்த இரும்பு போக வேண்டுமானால் மேல் பரப்பை அமிலக் குளியலில் மெல்லிய அடுக்காகக் கரைத்து எடுக்க வேண்டும். அதை மெக்னீசியம் தெரிந்த இடத்தில் கொடுத்துச் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம். இரும்புக் குண்டு கொண்டு பிளாஸ்டிங் செய்யவும் விடாதீர்கள். பிறகு பிளாஸ்மா மின்பகு ஆக்சிஜனேற்றம் என்ற முறை உண்டு. சிலிகேட்டோ பாஸ்பேட்டோ கலந்த காரக் கரைசலில் சில நூறு வோல்ட் கொடுத்து, பரப்பெங்கும் நுண்பொறிகள் ஓடக் கடினமான பீங்கான் போன்ற படலத்தை வளர்ப்பது. அந்தப் படலத்தில் நுண்துளைகள் இருக்கும், ஆகவே மேலே எபாக்ஸி ஒன்று கட்டாயம். படலம் மட்டும் போட்டுவிட்டு உப்புக்காற்றில் விட்டால் ஏமாற்றம்தான்.

முக்கியமான ஒன்று: மெக்னீசியத் தூளும் சீவலும் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வரும். உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

ஹேங்கர்

அந்த மூடியைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கு அடியில் 5000 அல்லது 6000 வரிசை அலுமினிய வாஷர் போடுங்கள் தம்பி. இரும்பு நேரடியாகத் தொடக் கூடாது. வாஷரின் விளிம்பு ஸ்க்ரூத் தலையைவிடச் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும், நடுவில் நிற்கும் தண்ணீர் துளி இரண்டையும் எட்டாதபடி.

புதுமாணவி

உலோகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பூச்சு "1000 மணி நேர உப்புமூட்டச் சோதனையில் தேறியது" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அதை வைத்து எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்கிட முடியுமா?

மின்வேதி

முடியாது அம்மா. ஏஎஸ்டிஎம் பி117 என்ற தரநிலையின் உப்புமூட்டச் சோதனையில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் இடைவிடாமல் மூட்டமாகத் தெளிக்கிறார்கள். பரப்பு காயவே காயாது. வெளியுலகில் நனைந்து, காய்ந்து, உப்பு செறிந்து, மறுபடி நனைகிறது. அலுமினியத்தில் உண்மையான சேதம் அந்தக் காயும் நேரத்தில்தான் நிறைய நடக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் அந்தப் பெட்டிக்குள் இல்லை. ஒரே பூச்சின் இரண்டு தொகுதிகளில் ஒன்று கெட்டுவிட்டதா என்று பார்க்க நல்ல சோதனை. இரண்டு வெவ்வேறு பூச்சுகளை ஒப்பிட்டு ஆயுள் சொல்ல ஏற்றதல்ல. நனைந்து காயும் சுழற்சிச் சோதனைகள் ஏஎஸ்டிஎம் ஜி85இல் இருக்கின்றன, அவற்றைப் படியுங்கள். தட்டையான மாதிரித் தகட்டில் போல்ட் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

பட்டறைக்காரன்

மஞ்சள் குரோமேட் (பெயிண்டுக்கு அடியில் போடும் குரோமியம் முன்பூச்சு) பற்றி யாரும் பேசவில்லையே? அலுமினியத்துக்கு அதைப்போல ஒன்று இன்னும் வரவில்லை என்பதுதான் என் அனுபவம்.

ஹேங்கர்

உண்மை. கீறல் விழுந்தால் பக்கத்திலிருந்து குரோமேட் கசிந்து வந்து அந்த இடத்தைத் தானே மூடும். அந்தக் குணத்துக்கு ஈடு கிடைப்பது கடினம். ஆனால் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் தரும். எங்கள் காலத்தில் அந்தத் தூசியை முகமூடி இல்லாமல் தேய்த்தவர்கள் உண்டு, நான் உட்பட. ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமியம் டிரைஆக்சைடை 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. மூன்று இணைதிற குரோமியம், சிர்க்கோனியம் சார்ந்த முன்பூச்சுகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. பரப்பைச் சுத்தம் செய்வதில் பழையதைவிடக் கண்டிப்பு தேவை, அவ்வளவுதான்.

பழைய விமானம், பழைய படகு எதிலாவது மஞ்சளோ பச்சை கலந்த மஞ்சளோ ஆன பிரைமரைக் கண்டால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். முகமூடி, கையுறை, ஈரத்தேய்ப்பு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரைக்காற்று

நேற்று முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். மூன்று கேள்விகள். ஒன்று, படகின் அடியில் துத்தநாகக் கட்டிகள் இருக்கின்றன, அவை ஏன் கூரைச் சட்டத்தைக் காக்கவில்லை? இரண்டு, போல்ட் இறுகாமல் இருக்கச் செம்புத்தூள் கலந்த பசை தடவலாம் என்று ஒருவர் சொன்னார். மூன்று, இறுகிய போல்ட்டை எப்படி எடுப்பது?

மின்வேதி

ஒன்று: தான் கரைந்து மற்றதைக் காக்கும் காவு கொடுக்கும் கட்டி வேலை செய்ய இரண்டு பாதை வேண்டும், உலோகத்தின் வழி எலக்ட்ரான், தண்ணீரின் வழி அயனி. கூரை தண்ணீருக்கு மேலே இருக்கிறது, இரண்டாவது பாதை இல்லை. துத்தநாகத்துக்குப் பதில் மெக்னீசியக் கட்டி போடச் சொன்னால் கடல்நீரில் அதையும் கேட்காதீர்கள். அளவுக்கு மீறிய பாதுகாப்பால் பரப்பில் காரம் கூடி அலுமினியமே கரையும். 2011இல் அமெரிக்கக் கடற்படையின் யூஎஸ்எஸ் இண்டிபெண்டன்ஸ் கப்பலில், அலுமினிய உடலும் நீர்த்தாரை உந்திகளின் எஃகும் சேரும் இடத்தில் கடும் அரிப்பு தெரியவந்தது. புத்தம்புதிய கப்பல் அது. தண்ணீருக்கு அடியில் முறையான காப்பு இல்லாவிட்டால் அவ்வளவு சீக்கிரம் நடக்கும்.

இரண்டு: வேண்டவே வேண்டாம். செம்பும் கிராஃபைட்டும் கலந்த எதையும் அலுமினியத்தில் வைக்காதீர்கள். அதே காரணத்துக்காக, அடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் செம்பு ஆக்சைடு பெயிண்டும் அலுமினிய உடலுக்கு ஆகாது.

பட்டறைக்காரன்

மூன்றாவதுக்கு நான். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு இரவு வையுங்கள். பிறகு எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள், தீச்சுவாலை வேண்டாம். அலுமினியம் ஸ்டெயின்லெஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், துளை தளரும். முதலில் இறுக்கும் பக்கம் சிறிது அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். பெயிண்ட் எரியும் அளவுக்குப் போக வேண்டாம், 6061இன் வலிமை குறைந்துவிடும்.

கரைக்காற்று

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதினான்கு போல்ட்டும் வெளியே வந்துவிட்டன. ஒன்றை மட்டும் துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அடியில் அரிப்பு சராசரியாக ஒரு மில்லிமீட்டர் ஆழம், ஓரிடத்தில் குழாயின் சுவரில் பாதி போய்விட்டது. அந்தத் துண்டை மாற்றுகிறேன். மற்ற இடங்களில் அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷால் சுத்தம் செய்து, அன்றைக்கே சிர்க்கோனியம் முன்பூச்சும் எபாக்ஸியும் அடித்தேன். துளையின் உட்சுவரிலும் பிரைமர் போனது. போல்ட்டுக்கு நைலான் குழல், தலைக்கும் நட்டுக்கும் அடியில் அகலமான நைலான் வாஷர், எல்லாவற்றிலும் பாலிசல்பைடு பிதுங்கி வரும்வரை. முறுக்கிய பிறகு மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் தொடர்பு இல்லை என்று பார்த்தேன். மூன்றில் தொடர்பு காட்டியது. கழற்றிப் பார்த்தால் குழல் கிழிந்திருந்தது, மாற்றிப் போட்டேன்.

உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. பதினான்கில் ஒரு போல்ட்டின் அடியில் அரிப்பே இல்லை. பெயிண்ட் முழுசாக இருந்தது, உள்ளே அலுமினியம் வெள்ளிபோல மின்னியது. அது விளக்குக் கம்பத்தைப் பிடிக்கும் போல்ட். விளக்கின் மின்கசிவு சட்டத்துக்கு வரக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் அதற்கு மட்டும் பிளாஸ்டிக் குழலும் வாஷரும் போட்டிருந்தார்.

ஹேங்கர்

அந்த போல்ட்டைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. பக்கத்து போல்ட்டையும் சேர்த்து ஒரே படத்தில்.